திறந்த பெட்டி: ஆல்டேர் 8800 கணினியின் கதை

பர்சனல் கம்ப்யூட்டர் யாரால் வந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பெயர்கள் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஐ.பி.எம். என்பார்கள். எட் ராபர்ட்ஸ் என்ற பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதல் இருவருக்கும் பாதை போட்டுக் கொடுத்தது அவர் விற்ற ஒரு பெட்டிதான். அந்தப் பெட்டியின் பெயர் ஆல்டேர் 8800.

வானத்தில் பிரகாசமாகத் தெரியும் ஒரு நட்சத்திரத்தின் பெயர் ஆல்டேர். நம் பஞ்சாங்கத்தில் திருவோணம் என்று இருக்கிறதே, அதே நட்சத்திரம்தான். பெயர்தான் பிரகாசம். பெட்டியோ கீபோர்டு இல்லாதது, திரை இல்லாதது, டிஸ்க் இல்லாதது. இன்னும் சொல்லப்போனால் வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது கணினியாகவே இருக்காது! உறை உறையாக ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், சிப்புகள், வெற்று சர்க்கியூட் போர்டுகள், ஒரு செய்முறைப் புத்தகம். வாங்கியவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சால்டர் செய்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். அந்தக் கதைதான் இது.

கடனில் பிறந்த கணினி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகெர்க்கி என்று ஒரு நகரம். அங்கே 1969-ல் எட் ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் மிட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விமானப் படையில் பணியாற்றிய ராபர்ட்ஸுக்கு எலெக்ட்ரானிக்ஸ் மீது தீராத ஆசை. முதலில் அவர்கள் விற்றது பொம்மை ராக்கெட்டுகளில் பொருத்தும் சிறு கருவிகள். பிறகு கால்குலேட்டர் கிட். 1971 நவம்பரில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பத்திரிகையின் அட்டையிலேயே அவர்களுடைய கால்குலேட்டர் வந்தது. வியாபாரம் நன்றாகப் போனது.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிப் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே நேரடியாகக் கால்குலேட்டர் விற்கத் தொடங்கின. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1972-ல் களத்தில் இறங்கியது. விலை சரசரவென்று விழுந்தது. மிட்ஸ் உதிரி பாகங்களுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாக முழுக் கால்குலேட்டரே கடையில் கிடைத்தால் யார் கிட் வாங்குவார்கள்? 1974-ல் மிட்ஸ் கழுத்தளவு கடனில் இருந்தது.

அதே 1974-ல்தான் இன்டெல் நிறுவனம் 8080 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. சில்லறையில் ஒன்றின் விலை 360 டாலர். ராபர்ட்ஸ் மொத்தமாக வாங்குவதாகப் பேரம் பேசி 75 டாலருக்கு இறக்கினார். கையில் மலிவான சிப் வந்துவிட்டது. இனி அதைச் சுற்றி ஒரு கணினி கட்டி கிட் ஆக விற்க வேண்டும், அவ்வளவுதான்! வங்கியில் மேலும் கடன் வாங்கி, பில் யேட்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் கணினி என்றால் என்ன விலை தெரியுமா? "மினி" கம்ப்யூட்டர் என்று பெயர் வாங்கிய பி.டி.பி. 8 என்ற கணினியே 1965-ல் வெளிவந்தபோது சுமார் 18,000 டாலர். பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும்தான் வாங்க முடியும். தனி மனிதன் வீட்டில் கணினி என்பது பலருக்கும் வேடிக்கையாகப் பட்ட காலம் அது.

அட்டைப்படத்தில் காலிப் பெட்டி

பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைக்கும் அப்போது ஒரு அவசரம் இருந்தது. அதன் போட்டிப் பத்திரிகையான ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ் 1974 ஜூலை இதழில் மார்க் 8 என்ற கணினியை வீட்டில் செய்வது எப்படி என்று கட்டுரை வெளியிட்டிருந்தது. ஆனால் அதில் வரைபடமும் சர்க்கியூட் போர்டும் கிடைக்கும். சிப்புகளையும் மற்ற பாகங்களையும் நாமே தேடி அலைய வேண்டும். ஆகவே எல்லாப் பாகங்களும் ஒரே பெட்டியில் வரும் கிட் ஒன்று கிடைத்தால் போட்டியில் முந்திவிடலாம் என்று நினைத்தார் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த லெஸ் சாலமன்.

ராபர்ட்ஸ் ஒரே ஒரு மாதிரிக் கணினியைச் செய்து ரயில்வே பார்சலில் நியூயார்க்குக்கு அனுப்பினார். அது வழியில் தொலைந்தே போனது! இதழ் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். வேறு வழியில்லாமல், முன்பக்கம் மட்டும் அழகாக இருக்கும் ஒரு டப்பாவைச் செய்து அனுப்பினார்கள். 1975 ஜனவரி இதழின் அட்டையில் உலகமே பார்த்து மயங்கிய அந்தக் கணினிக்குள் ஒன்றுமே இல்லை.

கிட் விலை சுமார் 400 டாலர். சில நூறு விற்றால் நிறுவனம் பிழைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் குவிந்தன. காசோலைகள் வந்துகொண்டே இருந்தன. கிட்டுகளை அனுப்பத்தான் ஆளில்லை. ஸ்டீவ் டாம்பியர் என்ற ஆர்வலர், இந்த நிறுவனம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க கலிபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி அல்புகெர்க்கிக்கே போய்விட்டார்!

அது என்னதான் செய்தது?

உண்மையைச் சொன்னால், ஒன்றுமே செய்யவில்லை. முன்பக்கத்தில் ஒரு வரிசை சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சிறு சிவப்பு விளக்குகள். சுவிட்ச் மேலே என்றால் 1, கீழே என்றால் 0. எட்டு சுவிட்சுகளைச் சரியாக வைத்து இன்னொரு சுவிட்சைத் தட்டினால் ஒரு பைட் நினைவகத்துக்குள் போகும். அடுத்த பைட்டுக்கு மறுபடி எட்டு சுவிட்ச். இப்படியே முழு நிரலையும் உள்ளே ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு சுவிட்ச் தப்பினால் நிரல் ஓடாது. மின்சாரம் போனால் எல்லாமே போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விடை எங்கே தெரியும்? அதே சிவப்பு விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிட்டுடன் வந்த நினைவகம் 256 பைட். கிலோபைட் அல்ல, வெறும் பைட். யூனிகோடில் (யு.டி.எஃப். 8 முறையில்) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். அப்படியென்றால் ஆல்டேரின் மொத்த நினைவகத்தில் சுமார் 85 குறியீடுகள்தான் அடங்கும். இந்தப் பத்தியைக்கூட அதில் வைக்க முடியாது!

ஆனால் ராபர்ட்ஸ் ஒரு காரியம் செய்திருந்தார். பெட்டிக்குள் 100 முனைகள் கொண்ட இணைப்பு வரிசைகளை வைத்து, அவற்றில் வேண்டிய கார்டுகளைச் செருகிக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார். நினைவகம் போதவில்லையா? ஒரு கார்டு செருகலாம். டெலிடைப் இயந்திரத்தை இணைக்க வேண்டுமா? இன்னொரு கார்டு. எந்த முனையில் எந்த சிக்னல் வருகிறது என்பது வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள்தானே அதைச் சால்டர் செய்தவர்கள்! ஆகவே கார்டு செய்யத் தெரிந்த எவரும் செய்யலாம். குறையோடு வந்த பெட்டி, அந்தக் குறையை நிரப்ப ஊருக்கே அழைப்பு விடுத்தது போல் ஆயிற்று.

கேரேஜில் கூடியவர்கள்

1975 மார்ச் 5-ஆம் தேதி இரவு. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் கேரேஜில் 32 பேர் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்களில் இன்னொருவர் ஃபிரெட் மூர். இவர் எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர் அல்ல, போர் எதிர்ப்பாளர். கல்லூரியில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து 1959-லேயே பெர்க்லியில் உண்ணாவிரதம் இருந்தவர். தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. நடுவில் ஒரு ஆல்டேர் வைக்கப்பட்டிருந்தது. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் பிறந்தது இப்படித்தான்.

சில வாரங்கள் கழித்து, ஏப்ரலில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஸ்டீவ் டாம்பியர் தன் ஆல்டேரையும் ஒரு சாதாரண ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பொரு நாள் அவர் நிரல் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ரேடியோ கரகரத்தது. வேறு யாராவது இருந்தால் ரேடியோவை அணைத்திருப்பார்கள். டாம்பியரோ எந்தக் கட்டளை ஓடும்போது எந்த ஒலி வருகிறது என்று பட்டியல் போட்டார்! கூட்டத்தில் பொறுமையாக சுவிட்சுகளைத் தட்டி நிரலை ஏற்றினார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் மெட்டு வந்தது. தொடர்ந்து "டெய்சி" என்ற பழைய பாட்டின் மெட்டு. 1961-ல் பெல் ஆய்வகத்தின் மாபெரும் ஐ.பி.எம். கணினி பாடிக்காட்டிய அதே பாட்டு. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒன்றுமே செய்யாத பெட்டி பாடிவிட்டதே!

அது ராபர்ட்ஸ் சேர்த்த வசதி அல்ல. அப்படி ஒன்று முடியும் என்றே அவர் நினைத்திருக்க மாட்டார். பெட்டியை வாங்கியவர் கண்டுபிடித்தது.

பெர்க்லியில் பாப் மார்ஷ் நண்பருடன் சேர்ந்து பிராசசர் டெக்னாலஜி என்று நிறுவனம் தொடங்கி ஆல்டேருக்கு நினைவக கார்டு விற்றார். மிட்ஸ் விற்ற 4 கிலோபைட் நினைவக கார்டு சரியாக வேலை செய்யாததால் மார்ஷின் கார்டுக்கு நல்ல கிராக்கி. இம்சாய் என்ற நிறுவனம் ஆல்டேரைப் போலவே ஒரு முழுக் கணினியைச் செய்து விற்றது. ராபர்ட்ஸுக்குக் கோபம் வந்தது. இவர்கள் ஒட்டுண்ணிகள் என்றார். அவர்களோ ஆல்டேர் பஸ் என்ற பெயரைக்கூடச் சொல்ல விரும்பாமல், அந்த இணைப்பு முறைக்கு எஸ். 100 பஸ் என்று பொதுப் பெயர் சூட்டிவிட்டார்கள்!

இங்கேதான் கதையின் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு காகித நாடா, ஒரு கடிதம்

ஆல்டேர் அட்டைப்படத்தைப் பார்த்துப் பரவசப்பட்டவர்களில் பால் ஆலனும் பில் கேட்ஸும் உண்டு. சுவிட்ச் தட்டாமல் ஆங்கிலச் சொற்களைப் போன்ற கட்டளைகளால் நிரல் எழுத உதவும் பேசிக் மொழியை ஆல்டேருக்காக எழுதித் தருகிறோம் என்று ராபர்ட்ஸிடம் சொன்னார்கள். அவர்களிடம் ஆல்டேர் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி.டி.பி. 10 கணினியை ஆல்டேர் போல் நடிக்க வைத்து எழுதினார்கள். மான்டி டேவிடாஃப் என்ற மாணவர் கணிதப் பகுதியை எழுதினார். ஆலன் அதைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்து அல்புகெர்க்கிக்குக் கொண்டுபோனார். முதன்முதலாக நிஜ ஆல்டேரில் ஏற்றினார்கள், வேலை செய்தது! 1975 ஏப்ரலில் அதே ஊரில் மைக்ரோசாஃப்ட் தொடங்கியது.

மிட்ஸ் இந்த பேசிக்கை எப்படி விற்றது என்று பாருங்கள். தங்கள் நினைவக கார்டுடன் சேர்த்து வாங்கினால் மலிவு, தனியாக வாங்கினால் 500 டாலர். அதாவது கணினியைவிட மென்பொருள் விலை அதிகம்! நினைவக கார்டோ சரியில்லை. பேசிக் வேண்டும், கார்டு வேண்டாம் என்பவர் என்ன செய்வார்? 1975 ஜூனில் பாலோ ஆல்டோவில் மிட்ஸ் நடத்திய செயல்விளக்கத்தில் ஒரு நாடா யாரோ ஒருவர் கைக்குப் போனது. அடுத்தடுத்த ஹோம்ப்ரூ கூட்டங்களில் பிரதிகள் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. ஒரே ஒரு நிபந்தனை: ஒன்று எடுத்துப் போனால் இரண்டு நகல் எடுத்துத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, 20 வயது பில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதன் சாரம்: உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள், ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு, நாங்கள் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலரைத் தாண்டும், வந்த வருமானத்தைக் கணக்குப் போட்டால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை, இப்படியே போனால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள்?

ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள். பேசிக் மொழியே 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கி எல்லோரும் பயன்படுத்தும்படி விட்டதுதானே என்பது ஒரு வாதம். பல்கலைக்கழகக் கணினியில் எழுதியதற்கு இவ்வளவு உரிமை கொண்டாடலாமா என்பது இன்னொன்று.

ஆனால் வெறும் கோபத்தோடு நிற்காமல் செய்து காட்டியவர்களும் இருந்தார்கள். டென்னிஸ் ஆலிசன் என்பவரின் யோசனைப்படி, குறைந்த நினைவகத்தில் ஓடும் "டைனி பேசிக்" என்ற மொழியைப் பலர் பலவிதமாக எழுதினார்கள். அவற்றின் மூல நிரலை வெளியிடுவதற்காகவே 1976 ஜனவரியில் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்ற பத்திரிகை தொடங்கியது. லி சென் வாங் என்பவர் எழுதிய டைனி பேசிக்கில், காப்பிரைட் என்று இருக்க வேண்டிய இடத்தில் காப்பிலெஃப்ட் என்று குறும்பாகப் போட்டிருந்தார். டாம் பிட்மேன் வேறொரு வழி கண்டார். தன் டைனி பேசிக்கை வெறும் 5 டாலருக்கு விற்றார். நகல் எடுக்கும் தொந்தரவைவிட வாங்குவதே சுலபம்! காசும் வந்தது, சண்டையும் இல்லை.

யார் சொன்னது சரி? இரவும் பகலும் கண்விழித்து எழுதியவன் கூலி கேட்டதில் தவறில்லை. அதே சமயம், பகிர்ந்துகொண்டவர்கள் மட்டும் இல்லாவிட்டால் ஆல்டேர் சில மாதங்களில் பரண் ஏறியிருக்கும். பேசிக்கை ஓட்ட ஆளே இருந்திருக்காது. காசில்லாமல் பரவிய நாடாக்கள்தான் மைக்ரோசாஃப்டின் பேசிக்கை எல்லோருக்கும் பழக்கமான மொழியாக்கின என்பதையும் மறுக்க முடியாது.

வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தவர்

அந்த முதல் கேரேஜ் கூட்டத்தில் மூலையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் ஹ்யூலெட் பேக்கர்டில் கால்குலேட்டர் வடிவமைக்கும் ஸ்டீவ் வாஸ்னியாக். ஆல்டேர் வாங்க அவரிடம் காசில்லை. 8080-க்குப் பதிலாக 25 டாலருக்குக் கிடைத்த 6502 சிப்பை எடுத்துக்கொண்டு, கீபோர்டும் டிவியும் இணைக்கும்படி ஒரே போர்டில் ஒரு கணினியை வடிவமைத்தார். அதன் வரைபடத்தை நகல் எடுத்துக் கிளப்பில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

இவர்களுக்குச் சால்டர் செய்ய நேரமில்லை, அச்சிட்ட போர்டாகவே விற்கலாமே என்று சொன்னவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆப்பிள் தொடங்கியது. மவுன்டன் வியூவில் பைட் ஷாப் நடத்திய பால் டெரல் 50 கணினிகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் எல்லாம் பூட்டி முடித்த போர்டாக வேண்டும் என்றார். கிட் யுகம் முடியப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆப்பிள் 1 கணினிகள் மொத்தம் சுமார் 200தான் செய்யப்பட்டன. 1977-ல் வந்த ஆப்பிள் 2 மூடியைக் கையால் தூக்கினால் திறந்துகொள்ளும். உள்ளே 8 ஸ்லாட்டுகள். அதற்குள் ஹோம்ப்ரூ கிளப்பின் மணம் இருந்தது. 1984-ல் வந்த மேகின்டாஷில் ஸ்லாட்டே இல்லை. பெட்டியைத் திறக்கவே நீளமான தனி ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது!

ராபர்ட்ஸ் என்ன ஆனார்?

போட்டியாளர்களால் நெருக்கப்பட்ட ராபர்ட்ஸ் 1977-ல் மிட்ஸை பெர்டெக் நிறுவனத்துக்கு விற்றார். அதே ஆண்டு பேசிக்கின் உரிமை யாருக்கு என்ற வழக்கு நடுவர் முன் போய், தீர்ப்பு மைக்ரோசாஃப்டுக்குச் சாதகமாக வந்தது. ராபர்ட்ஸ் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் விவசாயம் பார்த்தார். இளமையில் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய கனவு. 40 வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1986-ல் பட்டம் வாங்கினார். காக்ரன் என்ற சிற்றூரில் டாக்டராக வேலை பார்த்தார். 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி, 68-ஆம் வயதில் காலமானார். கடைசி நாட்களில் மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்களில் பில் கேட்ஸும் ஒருவர்.

திறந்த பெட்டியை விற்றதால் ராபர்ட்ஸுக்கு நஷ்டமா, லாபமா? பணக் கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் சம்பாதித்தது அதிகம். ஆனால் ஆல்டேரை அவர் இறுக்கி மூடி விற்றிருந்தால் டாம்பியரின் பாட்டு இல்லை, மார்ஷின் கார்டு இல்லை, வாஸ்னியாக்கின் போர்டும் இல்லாமல் போயிருக்கலாம். நிறுவனம் தோற்றது, அவர் செய்த பொருள் ஜெயித்தது.

இந்த ஆசை அதோடு செத்துப் போய்விடவில்லை. 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில் ஆர்டுயினோ பிறந்தது. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. கணினி படிக்க வரும் மாணவர்களுக்கு அதன் உள்விவரம் தெரியாமல் போகிறதே என்ற கவலையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கிய ராஸ்பெர்ரி பை 2012-ல் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் ப்ராஜெக்ட்டுக்காகப் பாகம் தேடி அலையும் மாணவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆக, வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் எடைக்குப் போடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். (பவர் சப்ளை டப்பா, டியூப் டிவி, பழைய மானிட்டர் மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்!) உள்ளே எது என்ன என்று புரியாவிட்டால் பரவாயில்லை. அந்தக் கேரேஜில் கூடிய 32 பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.